எம்.ஆர். ராதாவின் அறிவிப்பும் சென்சாரின் கத்தரியும்

எம்.ஆர். ராதா இராமாயண நாடகம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், இதைப் பார்த்தால் மனம் புண்படும் என்று நினைக்கிறவர்கள் வரவேண்டாம், அவர்கள் காசும் தனக்கு வேண்டாம் என்று விளம்பரம் கொடுத்தார் என்று சொல்வார்கள். திரைத் தணிக்கை பற்றி யாரிடம் பேசினாலும் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர் வாசலிலேயே சொல்லிவிட்டார். யாரையும் ஏமாற்றி உட்கார வைக்கவில்லை. விரும்புகிறவன் டிக்கெட் வாங்குவான், விரும்பாதவன் வீட்டுக்குப் போவான். பார்வையாளருக்கு ஒரு கலைஞன் செய்ய வேண்டிய கடமை அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் எதைச் செய்யச் சொன்னாலும், ஏன் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு சொல்கிறவருடையது.

அன்றைய அரசு அப்படி நினைக்கவில்லை. 1954இல் சென்னை மாகாணத்தில் நாடகங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ராதாவை மனத்தில் வைத்தே அதைக் கொண்டுவந்தார்கள் என்பது அன்றைக்கே ஊரறிந்த பேச்சு. வெள்ளைக்காரன் 1876இல் போட்ட நாடகச் சட்டத்தின் மறுபிறவி அது. நாடகம் போட வேண்டுமானால் எழுத்துப் பிரதியைக் கொண்டுபோய் போலீசிடம் கொடுத்துவிட்டு அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு காட்சியில் யார் அழ வேண்டும், யார் சிரிக்க வேண்டும் என்பதைக் காக்கிச் சட்டை போட்டவர் படித்துப் பார்த்து முடிவு செய்வார். இந்த ஏற்பாடு ஒன்றிரண்டு வருடம் அல்ல, அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குப் போட்டுப் போராடி, 2013இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்றது.

நாடகத்துக்கு விடிவு வந்த அதே 2013இல்தான் சினிமாவுக்கு நடந்தது வேறு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சினிமாவுக்குத் தணிக்கை வந்தது 1918 சட்டத்தால். 1920இல் சென்னையில் வாரியம் அமைந்தபோது அதன் தலைமையில் போலீஸ் கமிஷனர் இருந்தார். வெள்ளை அரசு பயந்தது ஆபாசத்துக்கு அல்ல. ஊமைப்படக் காலத்தில் வந்த ‘பக்த விதுர்’ படத்தில் விதுரர் காந்தியைப் போலத் தோற்றமளித்தார் என்பதே பெரிய பிரச்சினை ஆயிற்று. மகாபாரதக் கதைதானே என்று சொல்லி அதிகாரிகளைச் சமாதானப்படுத்த முடியவில்லை. மேடையில் முருகன் வேடத்தில் நின்று தேசபக்திப் பாட்டுப் பாடிய விஸ்வநாததாஸைப் பலமுறை கைது செய்தார்கள். 1939இல் கே. சுப்ரமணியம் எடுத்த ‘தியாகபூமி’ பல வாரம் ஓடியது. காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகி, கவர்னர் ஆட்சி வந்ததும் அதற்குத் தடை வந்தது. தடை வருகிறது என்று தெரிந்ததும் சென்னை கெயிட்டி தியேட்டரில் இலவசமாகத் திரையிட்டார்கள். ஜனங்கள் திரண்டு வந்தார்கள், போலீஸ் தடியடி நடத்தியது. கல்கி எழுதிய கதை அது. கணவனை விட்டு வெளியேறிச் சொந்தக் காலில் நிற்கிற பெண்ணையும், ஊரார் ஒதுக்கி வைத்த ஒரு நல்ல மனிதரையும் பற்றியது. ராட்டையும் கொடியும் கதர்க் குல்லாவும் திரையில் வந்ததைத்தான் அரசால் தாங்க முடியவில்லை.

இந்த வரலாற்றை ஏன் சொல்கிறேன் என்றால், தணிக்கை என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. பிள்ளைகள் பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள். முதலில் வந்தது அரசாங்கத்தின் பயம்.

சுதந்திரம் வந்தபின் 1952இல் புதுச் சட்டம் எழுதினார்கள். போலீஸ் போய், நியமன உறுப்பினர்கள் வந்தார்கள். வாரியத்தின் இன்றைய பெயரில் சான்றளிப்பு என்று இருந்தாலும் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இண்டஸ்ட்ரியில் ‘படம் சென்சார் ஆயிடுச்சா?’ என்றுதான் கேட்பார்கள். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாடுகளோடு நட்பு, பொது ஒழுங்கு, நாகரிகம், ஒழுக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்துக்குத் தூண்டுவது என்று சட்டத்தின் 5பி பிரிவு காரணங்களை அடுக்குகிறது. இந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றில் மாட்டாத நல்ல படம் ஒன்றை எடுத்துவிட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

இதை எதிர்த்து இந்திப் பட இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் உச்ச நீதிமன்றம் போனார். நான்கு நகரங்களைப் பற்றி அவர் எடுத்த சிறிய ஆவணப்படத்தில் மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதி சில நொடிகள் வரும். அதற்காக ‘ஏ’ கொடுத்தார்கள். 1970இல் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதிய தீர்ப்பு, சினிமாவை முன்கூட்டியே தணிக்கை செய்வது அரசியல் சட்டப்படி சரியே என்றது. புத்தகம், பத்திரிகை, நாடகம் எதையும்விட சினிமா மனிதனை ஆழமாக ஆட்டிப்படைக்கிறது, அதனால் அதைத் தனியாக நடத்தலாம் என்பது அதன் சாரம். இருட்டறை, பெரிய திரை, ஊரே கூடி உட்காருகிற கூட்டம். அந்தக் காலத்துக்கு அந்த வாதத்தில் நியாயம் இருந்ததாகவே எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கு அதே படம் பேருந்தின் ஜன்னலோர சீட்டில் ஒரு பையன் கையில் ஓடுகிறது. பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூட அது தெரிவதில்லை. சட்டம் மட்டும் இன்னும் அந்த இருட்டறையிலேயே நிற்கிறது.

இந்த விஷயத்தில் தமிழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற படம். பிராமணப் பெண் ஒருத்தி பொய்ச் சாதிச் சான்றிதழோடு அரசுப் பணிக்கு வருவாள். சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் கேள்வி கேட்கிற கதை. வாரியத்தின் பரிசீலனைக் குழு சான்றிதழ் தரக் கூடாது என்றது. மறுபரிசீலனைக் குழு ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில், ஐந்துக்கு நான்கு என்று, ‘யு’ கொடுத்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. விருது வாங்கிய படத்தைத் தமிழ்நாட்டுத் தியேட்டரில் போட முடியாத நிலை.

அந்தப் படத்தின் கருத்தோடு எனக்கு உடன்பாடு கிடையாது. இடஒதுக்கீடு இல்லாவிட்டால் என் அப்பா எட்டாம் வகுப்போடு நின்றிருப்பார், நான் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அப்படிப்பட்ட நான்தான் சொல்கிறேன், 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் படத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது முழுக்கச் சரி. படம் வந்தால் தமிழ்நாட்டில் கொந்தளிப்பு வரும் என்று மாநில அரசின் தரப்பில் வாதிட்டார்கள். நீதிபதி ஜெகந்நாத ஷெட்டி எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. ஊர்வலம் போவோம், ஆர்ப்பாட்டம் செய்வோம், அடிப்போம் என்று யாரோ மிரட்டுவதற்காகப் பேச்சுரிமையை நசுக்க முடியாது, அப்படி நசுக்கினால் அது சட்டத்தின் ஆட்சியைக் கைவிட்டு மிரட்டலுக்குப் பணிவதாகும் என்றது. மிரட்டுகிறவர்களைச் சமாளிப்பது அரசின் வேலை, அதைச் செய்ய முடியவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்றும் சொன்னது. பேச்சுக்கும் அதனால் வரும் ஆபத்துக்கும் நடுவே, வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்த பொறியைப் போல நேரடித் தொடர்பு இருக்க வேண்டும், எங்கோ எப்போதோ ஏதாவது நடக்கலாம் என்ற ஊகம் போதாது என்பது அந்தத் தீர்ப்பின் அளவுகோல். அதே தீர்ப்பு சினிமாவுக்கு முன்தணிக்கை தேவை என்பதையும் ஒப்புக்கொண்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சமூக நீதி பேசுகிற நம் ஆட்கள் பலர் இந்தத் தீர்ப்பை ஏதோ எதிர் முகாமின் வெற்றியாகப் பார்க்கிறார்கள். பின்னாளில் சாதி ஒடுக்குமுறையைத் திரையில் காட்டிய எத்தனை இயக்குநர்களுக்கு இந்தத் தீர்ப்பு கைகொடுக்கும் என்று அவர்கள் யோசிக்க வேண்டும். நமக்குப் பிடிக்காத படத்துக்காக எழுதப்பட்ட பாதுகாப்புதான் நமக்குப் பிடித்த படத்துக்கும் பாதுகாப்பு. வேறு தனிப் பாதுகாப்பு எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை.

இனி 2013. ‘விஸ்வரூபம்’ படத்துக்குச் சென்சார் ‘யு/ஏ’ கொடுத்துவிட்டது. ஜனவரி 25 வெளியீடு. முஸ்லிம் அமைப்புகள் ஆட்சேபித்தன. அவர்களுடைய வருத்தத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தாடி வைத்தவன் திரையில் வந்தாலே குண்டு வைக்கப் போகிறான் என்று பத்து வருடங்களாகத் தமிழ் சினிமா காட்டிப் பழக்கியிருந்தது. ஆனால் அரசு செய்தது என்ன? 31 மாவட்டங்களின் ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு போட்டார்கள். கலவரம் வெடித்த தெருவில் நாலு பேர் கூடக் கூடாது என்று போடுகிற உத்தரவு அது. எந்தத் தெருவிலும் ஒன்றும் நடக்காதபோதே, ஒரே நேரத்தில், ஏறக்குறைய மாநிலம் முழுவதும், ஒரு படத்துக்காகப் போட்டார்கள். தனி நீதிபதி தடையை நீக்கினார், மறுநாளே அமர்வு திரும்பப் போட்டது. கமல்ஹாசன் நாட்டை விட்டே போய்விடலாமா என்று யோசிப்பதாகப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். கடைசியில் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்து சில இடங்களில் ஒலியை நீக்க ஒத்துக்கொண்ட பிறகு, பிப்ரவரி 7 அன்று தமிழ்நாட்டில் படம் வெளியானது.

இங்கே யார் தணிக்கை செய்தது? சட்டப்படி அமைந்த வாரியம் செய்யவில்லை, அது அனுமதி கொடுத்துவிட்டது. வாரியத்திடமிருந்து வெட்டுச் சொல்லி ஒரு தாள் வந்திருந்தால் அதில் காரணம் இருக்கும், அதை எதிர்த்து மேல்முறையீடு போகலாம். பேச்சுவார்த்தை மேசையில் நடந்ததற்குத் தாள் கிடையாது, காரணம் கிடையாது, அடுத்த முறை இன்னொரு கூட்டம் வந்து கேட்டால் மறுக்க வழியும் கிடையாது. 2018இல் ‘சர்க்கார்’ வெளியாகி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆளுங்கட்சியினர் பேனரைக் கிழித்தார்கள், காட்சிகள் வெட்டப்பட்டன. 2023 டிசம்பரில் தியேட்டரில் ஓடிய ‘அன்னபூரணி’ சென்சார் சான்றிதழ் பெற்ற படம். நெட்ஃபிளிக்ஸுக்கு வந்ததும் இந்து அமைப்புகள் புகார் கொடுத்தன, 2024 ஜனவரியில் படத்தையே தூக்கிவிட்டார்கள். எந்த நீதிமன்றமும் தூக்கச் சொல்லவில்லை. தியேட்டரில் பார்த்தபோது புண்படாத மனம் கைபேசியில் பார்த்தபோது புண்பட்டது. ஆட்சேபிப்பது எந்த மதத்துக்காரர், எந்தக் கட்சிக்காரர் என்பது ஒவ்வொரு முறையும் மாறுகிறது. பணிந்து போவது மட்டும் மாறவில்லை.

சரி, தணிக்கையே வேண்டாமா என்று கேட்டால், எனக்கு உண்மையாகவே கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது.

தொண்ணூறுகளில் நான் கல்லூரிக்குப் போன காலம். பஸ் ஸ்டாப்பில் ஒருவன் தினமும் நிற்பான். நான் ஏறுகிற பஸ்ஸில் ஏறுவான், இறங்குகிற இடத்தில் இறங்குவான். ஒரு நாள், இதெல்லாம் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே அந்த வருடம் ஓடிய ஒரு படத்தின் வசனத்தைச் சொன்னான். வேண்டாம் என்று சொல்கிற பெண்தான் கடைசியில் காதலிப்பாள் என்ற அர்த்தம் வரும் வசனம். எனக்கு அவன்மேல் வந்த பயத்தைவிட, பின்னால் நின்ற அவனுடைய நண்பர்கள் கைதட்டியதில் வந்த பயம் அதிகம். தியேட்டரில் அந்தக் காட்சிக்கு எப்படிக் கைதட்டினார்களோ அதே கைதட்டல். என் அம்மாவிடம் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லவில்லை. அந்தப் படத்துக்கு ‘யு’. குடும்பத்தோடு, குழந்தைகளோடு பார்க்கலாம் என்று அரசு முத்திரை குத்திய படம்.

2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், காலை நேரத்தில், அத்தனை பேர் கண் முன்னால் ஒரு இளம் பெண்ணை வெட்டிக் கொன்றார்கள். அப்போது பெண்ணை விரட்டி விரட்டிக் காதலிக்கிற நாயகர்களைப் பற்றித் தமிழ்நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது. ஒரு படத்தைப் பார்த்து ஒருவன் கொலை செய்தான் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் எது வீரம், எது காதல் என்று ஒரு தலைமுறைப் பையன்களுக்குச் சினிமா பாடம் நடத்தியது என்பதை பஸ் ஸ்டாப்பில் நின்ற எந்தப் பெண்ணும் சொல்வாள். அந்தக் காட்சிகளை வெட்டியிருக்க வேண்டும் என்று என் தோழிகள் பலர் அப்போது சொன்னார்கள். எனக்கும் அந்தக் கோபம் உண்டு, இப்போதும் உண்டு.

ஆனாலும் வெட்டு என்பதில் என்னால் நம்பிக்கை வைக்க முடியவில்லை. முதல் காரணம், அந்தக் குழுவில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் காட்சிகள் ஒரு நாளும் உறுத்தவில்லை. கத்தரி அவர்கள் கையில் அந்த இருபது வருடமும் இருந்தது. முத்தத்தை வெட்டினார்கள், கெட்ட வார்த்தையை மியூட் செய்தார்கள், அமைச்சர் பெயர் வந்தால் நீக்கினார்கள். சிகரெட் காட்சியில் கீழே எச்சரிக்கை ஓட வேண்டும் என்று விதி வந்தது. பெண்ணை நடுரோட்டில் மறித்துக் கையைப் பிடிக்கிற காட்சியில் எந்த எழுத்தும் ஓடவில்லை. தணிக்கை செய்கிறவர் தன் வீட்டில் எதைச் சகஜம் என்று நினைக்கிறாரோ அது அவர் கண்ணில் படாது. அதிகாரத்தை இன்னும் கூட்டிக் கொடுத்தால் எங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றுவார்கள் என்று எண்ண எந்த ஆதாரமும் இல்லை.

இரண்டாவது காரணத்தை மதுரையில் ஒரு தியேட்டரில் நேரிலேயே கண்டேன். சாதிக் கொடுமையைப் பற்றிய ஒரு படம். ஆதிக்கக்காரன் ஒருவன் ஒரு பையனைச் சாதி சொல்லித் திட்டுகிறான். உதடு அசைகிறது, சத்தம் இல்லை, மியூட். அரங்கம் ஒரு நொடி அமைதியானது. முன் வரிசையிலிருந்து ஒருவன் அந்தச் சாதிப் பெயரைச் சத்தமாகச் சொன்னான். சிலர் சிரித்தார்கள். படத்தில் அந்த வார்த்தை ஒலித்திருந்தால், அதைச் சொன்னவனைப் பார்த்துக் கூசியிருப்போம், ஏனென்றால் அந்தப் பையனின் முகம் அடுத்த ஷாட்டிலேயே வருகிறது. ஒலியை நீக்கியதால் அவமானம் நீங்கவில்லை. சொன்னவனின் குற்றம் மறைந்து, கேட்டவனின் அவமானம் மட்டும் அரங்கத்தில் தங்கியது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எதுவும் பேசாமல் இடைவேளையில் எழுந்து போனார், திரும்பி வரவில்லை.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும், அது பணம். 2006இல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்று வந்தது. 2011இல் அதோடு ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனை சேர்த்தார்கள். ‘ஏ’ வாங்கிய படத்தைச் சேனலில் போட முடியாது, வெட்டிக் குறைத்து மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும், அதனால் சாட்டிலைட் வியாபாரமும் அடிபடும். தயாரிப்பாளர் என்ன செய்வார்? இரத்தம் தெறிக்கிற படத்தைத் தூக்கிக்கொண்டு ‘யு’ கேட்டு நிற்பார். குழு நாலு ஷாட்டை வெட்டிவிட்டு ‘யு’ கொடுக்கும். பெற்றோருக்குக் கிடைப்பது பொய்யான தகவல். 2017இல் ஜிஎஸ்டி வந்தபின் வரி விலக்குக் கணக்கு மாறியது, ஆனால் எப்படியாவது ‘யு’, இல்லாவிட்டால் ‘யு/ஏ’ என்ற பழக்கம் இண்டஸ்ட்ரியின் இரத்தத்தில் ஊறிவிட்டது.

நான் கேட்பது அந்தத் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்பதைத்தான். ராதா வாசலில் வைத்த அறிவிப்பைப் போல. குழந்தைகள் விஷயத்தில் அரசு தலையிடுவதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். எட்டு வயதுக் குழந்தைக்குத் தான் பார்ப்பதிலிருந்து விலகி நிற்கத் தெரியாது, தூக்கத்தில் அலறும். பெரியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டாம், குழந்தைக்கு வேண்டும். 2023 சட்டத் திருத்தத்தில் ‘யு/ஏ’ என்ற ஒரே பெட்டியை ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயதுவாரியாகப் பிரித்தது நல்ல காரியம். ஆனால் அந்த எண் பெற்றோருக்கான வழிகாட்டிதான். தியேட்டர்காரர் தடுக்க வேண்டியது ‘ஏ’ படத்துக்கு மட்டும். அதையும் நம் ஊரில் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. தோளில் குழந்தை தூங்க, இரண்டாம் ஆட்டத்துக்கு ‘ஏ’ படம் பார்க்க வருகிற குடும்பங்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

2025 ஆகஸ்டில் ‘கூலி’க்கு ‘ஏ’ கிடைத்தபோது மல்டிபிளக்ஸ்கள் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் திருப்பி அனுப்பின. ரஜினி படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்து வாசலில் நின்ற குடும்பங்களுக்குக் கோபம். ‘யு/ஏ’ கேட்டுத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றம் போனது, மனு தள்ளுபடி ஆனது. படத்தை முடக்கவில்லை. பெரியவர் யார் வேண்டுமானாலும் பார்த்தார்கள். உள்ளே வன்முறை அதிகம் என்ற உண்மையான தகவல் வாசலில் இருந்தது, அதை வாயில்காவலர் மதித்தார். வருமானம் குறைந்திருக்கும், குறையட்டும். நியாயமான கட்டுப்பாடு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இனி இதைத்தான் காட்டுவேன்.

பெரியவர்கள் பார்க்கிற படத்தில் எதையுமே தடுக்கக் கூடாதா? ஒரே ஒரு இடத்தில் என் மனம் தடுமாறுகிறது. 1994இல், கொள்ளைக் கூட்டத் தலைவியாக இருந்த பூலன் தேவியின் வாழ்க்கையை வைத்து சேகர் கபூர் எடுத்த ‘பாண்டிட் குயின்’. பூலன் தேவி அப்போது உயிரோடு இருந்தார். தனக்கு நடந்த வன்கொடுமையைத் தன் சம்மதமில்லாமல் திரையில் காட்டுவதை எதிர்த்து அவர் டெல்லி உயர்நீதிமன்றம் போனார். பிறகு பணம் கொடுத்துச் சமரசம் ஆயிற்று. 1996இல் உச்ச நீதிமன்றம் விசாரித்தது வேறொரு மனுவை. படம் தன் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று குஜ்ஜர் சமூகத்து ஆண் ஒருவர் போட்டது. அந்தக் காட்சிகள் அருவருப்பையும் அந்தப் பெண்மீது இரக்கத்தையும் எழுப்பவே எடுக்கப்பட்டவை என்று சொல்லி நீதிமன்றம் படத்தை அனுமதித்தது. தீர்ப்பு சரி. சமூகப் பெருமைக்காகப் படத்தை நிறுத்த முடியாது. ஆனால் யாருடைய உடலைத் திரையில் காட்டினார்களோ அவருடைய மறுப்புக்கு அங்கே விடை கிடைக்கவில்லை. உயிரோடு இருக்கிற ஒரு மனுஷி, இது என் வாழ்க்கை, இதை இப்படிக் காட்டாதே என்று சொன்னால் அதற்குக் காது கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதுவும் ஒரு குழு மூடிய அறையில் செய்யும் வேலை இல்லை. அவரே வந்து நீதிமன்றத்தில் கேட்க வேண்டும், எதிர்த் தரப்பும் பேச வேண்டும், காரணத்தோடு தீர்ப்பு வர வேண்டும். சாதிக்கும் மதத்துக்கும் கட்சிக்கும் நான் இந்த உரிமையைத் தர மாட்டேன். ஒரு தனி மனிதருக்குத் தருவேன்.

வாரியம் சான்றிதழ் மட்டும் கொடுத்தால் போதும், வெட்டச் சொல்ல வேண்டாம் என்ற நிலைப்பாட்டை ஷியாம் பெனகல் தலைமையிலான குழு 2016இலேயே அறிக்கையாகக் கொடுத்தது. வயது வகைகள் அதிலிருந்து சட்டத்துக்குள் வந்துவிட்டன. வெட்டு அப்படியே இருக்கிறது. நடுவில் இன்னொரு கெடுதலும் நடந்தது. வாரியத்தின் முடிவை எதிர்த்து முறையிட 1983 முதல் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேரே உயர்நீதிமன்றம் போக வேண்டும். வெற்றிமாறன் தயாரித்த ‘மனுஷி’க்கு, காவல் விசாரணைக்கு இழுத்துச் செல்லப்படும் ஒரு பெண்ணின் கதைக்கு, முதலில் சான்றிதழே இல்லை என்றார்கள், பிறகு 37 இடங்களில் ஆட்சேபம் சொன்னார்கள். 2025இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் படத்தையே போட்டுப் பார்க்க வேண்டி வந்தது. அதே ஆண்டில் வெற்றிமாறன் தன் தயாரிப்பு நிறுவனத்தை மூடப்போவதாக அறிவித்தார். தமிழ்நாட்டின் முன்வரிசை இயக்குநருக்கே இந்த நிலை என்றால், நகையை அடகு வைத்து முதல் படம் எடுக்கிற பையனை நினைத்துப் பாருங்கள். வட்டி ஓடிக்கொண்டிருக்கும். வக்கீல் ஃபீஸ், தள்ளிப்போகும் ரிலீஸ் தேதி, கைமாறும் தியேட்டர். அவனிடம் நாலு வெட்டு கேட்டால் எட்டாக வெட்டிக் கொடுப்பான். அடுத்த படத்துக்கு, எழுதும்போதே அந்தக் காட்சி அவன் மனத்தில் வராது. எந்தக் கோப்பிலும் இந்த வெட்டுக்குப் பதிவு இருக்காது.

அதனால் இப்போதைக்கு நான் கேட்பது பெரிய விஷயம்கூட இல்லை. கலைத்த தீர்ப்பாயத்தைத் திரும்ப அமையுங்கள், அதன் கிளை ஒன்றைச் சென்னையிலும் வையுங்கள், முப்பது நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி எழுதுங்கள். வாரியம் எதை வெட்டச் சொன்னாலும் காரணத்தோடு அந்தப் பட்டியல் படம் வெளியாகும் அன்றே எல்லோரும் படிக்கும்படி வெளிவரட்டும். சான்றிதழ் வாங்கிய படத்தை ஒரு கூட்டம் மிரட்டினால் 1989 தீர்ப்பின்படி போலீஸ் தியேட்டர் வாசலில் நிற்கட்டும். வாயில்காவலர் ‘ஏ’ படத்துக்குப் பிள்ளைகளை நிறுத்தட்டும். மீதியைப் பார்க்க வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.